ஜூன் மாத வெக்கா

ஈரத் துணியைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தபோதுதான் லோர்னா அதைப் பார்த்தாள். கணினித் திரையின் இடது மூலையில், சின்ன எழுத்தில், ‘ஜூன்’ என்று இருந்தது. தலையணை உறை கையில் அப்படியே நின்றுவிட்டது. நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள். ஜூன்தான். ஆகஸ்ட் என்று இருந்திருக்க வேண்டும்.

பூமியின் தென்கோடியில் இருக்கும் டனீடனில் ஜூனும் ஆகஸ்டும் குளிர்காலம்; அப்போது துணியை வெளியே போட்டால், சட்டை விறைத்துத் தானாகவே நிற்கும். அதனால் பின்னறையில் கொடி கட்டியிருந்தாள். அங்கே நான்கு கணினிகள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். வேறு ஹீட்டரே வேண்டாம். பூனை அந்த அறையை விட்டு வெளியே வருவது சாப்பாட்டுக்கு மட்டும்தான். லோர்னா ஊரின் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிறவள். அலுவலகத் தோழிகள் யாராவது வீட்டுக்கு வந்தால், இதெல்லாம் என்ன செய்கிறது என்று கேட்பார்கள். செஸ் விளையாடுகிறது என்பாள். யாரோடு? தன்னோடுதான். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

விளையாடுவது வெக்கா. வெக்கா என்பது பறக்கத் தெரியாத ஒரு பறவை, முகாம் போட்ட இடத்தில் புகுந்து கரண்டியையும் சோப்பையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஜாதி. அந்தப் பெயரைத் தான் எழுதிய, செஸ் ஆடும் கணினி நிரலுக்கு வைத்தவர் நோயல் புல்லர், தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லோர்னா இதில் வந்து சேர்ந்து இருபது வருடம் இருக்கும். கல்யாணம் முறிந்த கையோடு, ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல் செஸ் கிளப்புக்குப் போனவள், நோயலின் நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னாள். “பெரிய இவ. நீயே வந்து சரி பண்ணேன்” என்றார் நோயல். போய்ச் சரி செய்தாள். அதிலிருந்து எல்லா ஞாயிறும் அவர் வீட்டில்தான்.

அவர்களுக்குள் வேலைப் பிரிவினை ஒன்று தானாகவே அமைந்துவிட்டது. எந்த நிலையிலும் ஆட முப்பது நாற்பது நகர்வுகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆழத்துக்குப் பார்க்க எந்தக் கணினிக்கும் நேரம் போதாது. ஆகவே நல்லதாகத் தெரிபவற்றை வரிசையில் முன்னே நிறுத்தி, முதல் சிலவற்றை நன்றாகப் பார்த்துவிட்டு, பின்னால் நிற்பவற்றை மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். அது குறைப்பு, அது லோர்னாவுடையது. ராஜாவுக்கு செக் விழுந்தால், அல்லது இந்த ஒரு நகர்வை விட்டால் வேறு நாதியில்லை என்று தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஒரு படி இறங்கிப் பார்ப்பார்கள். அது நீட்டிப்பு, அது நோயலுடையது. “நீ எதையும் அரைக்கண்ணால பாத்துட்டுப் போறவ” என்பார் அவர். “நீங்க ஒண்ணையே வெறிச்சுப் பாத்துட்டு நிப்பீங்க, அதுக்குள்ள நேரம் முடிஞ்சுடும்” என்பாள் இவள். அவளுடைய குறைப்புக்குள் நோயல் ஒரு வரி சேர்த்துவைத்திருந்தார். மேலோட்டமாகப் பார்த்த நகர்வு எதிர்பாராமல் நன்றாக இருந்துவிட்டால், திரும்பிப் போய் அதை முழு ஆழத்துக்குப் பார்க்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் குறைப்பு என்பது வெறும் சோம்பேறித்தனம் என்பது அவர் கட்சி.

புதிய யோசனை எதுவானாலும் அதற்குத் தீர்ப்புச் சொல்வது அவர்கள் இருவரும் அல்ல. பழைய வெக்காவையும் புதிய வெக்காவையும் மோதவிடுவார்கள். ஓர் ஆட்டம் சில நொடிகள்தான். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ஆட்டம்கூடப் போகும். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேல் எல்லையைத் தொட்டால் யோசனை உள்ளே, கீழ் எல்லையைத் தொட்டால் குப்பையில். எவ்வளவு அழகான யோசனை, யாருடைய யோசனை என்பதெல்லாம் எடுபடாது. உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்த எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

மனைவி பெரில் இறந்த பிறகு நோயலின் யோசனை ஒன்றுகூடத் தேறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று கொண்டுவருவார், புதன்கிழமைக்குள் அது கீழ் எல்லையில் போய் விழுந்திருக்கும். ஆரம்பத்தில் கேலி செய்த லோர்னா பிறகு கேலி செய்வதை நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்தியது அவருக்குத் தெரிந்தது, அது அவரை இன்னும் சுருங்கவைத்தது. இதற்கிடையில் அவருக்குக் கண் மங்கியது, முழங்கால் போனது. கடல் தாண்டி பெர்த் நகரத்தில் இருக்கும் மகள் ஃபியோனா ஒரு அறையை ஒழித்துவைத்து, வந்துவிடு வந்துவிடு என்று கரைத்துக்கொண்டிருந்தாள். லோர்னாவையும் போனில் பிடித்தாள். “நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. அந்த வீட்டு வாசப் படிக்கட்டுல விழுந்து கெடந்தா யாரு பாப்பா? நீங்க பாப்பீங்களா?” என்றாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள். லோர்னா, அங்கே வெயில் எப்படி என்று விசாரித்துவிட்டு போனை வைத்தாள்.

கடைசியில் நோயலே ஒரு வழி சொன்னார். கையில் ஒரு யோசனை இருந்தது. ஒரு நகர்வு மட்டும் மற்றவற்றைவிட எவ்வளவு தனித்து நிற்கிறது என்பதை வேறு மாதிரி அளந்து, அங்கே ஆழத்தைக் கூட்டுவது. “இது தேறுச்சுன்னா இங்கயே கெடக்கேன். விழுந்துச்சுன்னா மூட்டை கட்டறேன்” என்று மகளிடம் சொல்லி, டிக்கெட்டுக்கும் சம்மதித்தார். சோதனையை லோர்னாதான் ஓடவிட்டாள். மூன்றாம் நாளே கோடு விறுவிறுவென்று ஏறி மேல் எல்லையைத் தொட்டுவிட்டது. அன்று நோயல் சவரம் செய்துகொண்டு, மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு, டாக்ஸி பிடித்து அவள் வீட்டுக்கே வந்தார். அந்த வாரமே டிக்கெட்டை ரத்து செய்தார். ஃபியோனா அழுதாளாம்.

அவ்வளவு வேகமாக ஏறியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று லோர்னா இப்போது நினைத்தாள். சந்தேகப்படவில்லை, ஏனென்றால் சந்தேகப்பட அவளுக்கு மனமில்லை. புதியதை எதோடு மோதவிடுவது என்று மாதவாரியான வெக்காக்களின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் ஜூன் மாத வெக்காவில் கையை வைத்திருக்கிறாள். ஜூலையில் அவளுடைய புதிய குறைப்பு ஒன்று உள்ளே போயிருந்தது, நல்ல பலமான குறைப்பு. நோயலின் யோசனை அதன் மேல் ஏறி உட்கார்ந்து, அது இல்லாத கிழட்டு வெக்காவை அடித்து வீழ்த்தியிருக்கிறது. ஜெயித்தது அவருடைய நீட்டிப்பு அல்ல, அவளுடைய குறைப்பு. பேருந்து அட்டவணையில் ஒரு நிமிடம் பிசகினாலும் தூக்கம் வராதவள், இதில் ஒரு மாதத்தையே தவறவிட்டிருந்தாள்.

தலையணை உறையைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்து, சரியான வெக்காவைத் தேர்ந்தெடுத்து, சோதனையைப் புதிதாக ஓடவிட்டாள். சின்ன எண்ணிக்கையைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். இருந்தாலும் சாப்பிடும்போது எட்டிப் பார்த்தாள், பல் தேய்க்கும்போது எட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை கோடு சமமாக நின்றது. செவ்வாய் கொஞ்சம் இறங்கியது. புதன் காலையில் இன்னும் இறங்கியிருந்தது. எல்லையை இன்னும் தொடவில்லை, ஆனால் போகிற திசை குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சொல்லாமல் விட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நீட்டிப்பு உள்ளேயே கிடந்தால் வெக்காவுக்குப் பெரிய கேடு எதுவும் இல்லை. கிழவர் சந்தோஷமாக இருப்பார். இரக்கத்தால்தான் இப்படி யோசிக்கிறோம் என்று அவள் ஒரு நாள் முழுக்கத் தன்னை நம்பவைத்துப் பார்த்தாள். பேருந்தில் போகும்போது அது இரக்கம் இல்லை என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. அவர் போகக் கூடாது, அவ்வளவுதான். அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேண்டாம். இது புதிய எண்ணம்கூட இல்லை, எத்தனையோ வருடமாக வரிசையில் கடைசியில் நின்றுகொண்டிருந்த எண்ணம். வெட்கமாக இருந்தது. தனக்காக ஒரு மனிதரை ஏமாற்றி, வழுக்கும் படிக்கட்டில் நிறுத்திவைக்கப் பார்க்கிறோமே என்று பயமாகவும் இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள், அவளே நேரம் குறித்த பேருந்தில்.

சனிக்கிழமை மதியம் சீஸ் ரோல் செய்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நோயல் வீட்டுக்குப் போனாள். வீடு பள்ளத்தாக்கின் நிழல் பக்கம், சாலையிலிருந்து நிறையப் படி ஏற வேண்டும். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் வெயிலே எட்டிப் பார்க்காது. திங்களன்று விழுந்த உறைபனி வெள்ளிக்கிழமையும் படியில் அப்படியே கிடக்கும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் குதிகாலை ஊன்றி ஏறினாள். பாதியில் ஒரு படியின் ஓரத்தில் பாசி நீளமாகப் பெயர்ந்திருந்தது. யாரோ வழுக்கிய தடம்.

“வா தாயே. ஒரு நா முந்தியே வந்துட்ட, பஸ்ஸு ஓடலியா?” என்றார் நோயல். கதவைத் திறந்தது இடது கையால். வலது உள்ளங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

“கையில என்ன?”

“ரோஜாச் செடிய வெட்டறப்போ முள்ளு கிழிச்சுடுச்சு.”

உள்ளங்கை முழுக்கத் தோலை உரிக்கிற ரோஜா எது என்று அவள் கேட்கவில்லை. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் பெரிய எழுத்தில் அச்சடித்த தாள்கள். தன் நீட்டிப்பு சேர்ந்த அடுத்த வெக்காவுக்கான குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடியை அதன் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு டீ போட எழுந்தார். நான் போடுகிறேன் என்று அவள் எழுந்தபோது, உட்கார் என்று அதட்டினார். அவர் டீ போட்டு முடிக்கும்வரை லோர்னா நெருப்பின் மேல் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

“நோயல், அந்த டெஸ்ட் தப்பு.”

“எந்த டெஸ்ட்?”

“உங்களோடது. ஆகஸ்டோட மோத விடறதுக்குப் பதிலா ஜூனோட மோத விட்டுட்டேன். போன ஞாயித்துக்கெழமதான் கண்ணுல பட்டுச்சு. உங்க யோசன ஜெயிக்கல. ஜெயிச்சது ஜூலையில நான் போட்ட குறைப்பு. திரும்பச் சரியா ஓட விட்டிருக்கேன். எறங்கிட்டுப் போகுது.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நோயல் ஒரு சீஸ் ரோலை எடுத்துப் பாதியாகக் கடித்தார். மெதுவாக மென்றார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தாள். கத்தினால் தேவலை போல இருந்தது.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“ஜூன்னு. மொத நாளே பாத்தேன். எனக்குக் கண்ணு மங்கல்தான், குருடாயிடல. என் திரையில எடது மூலை கொட்ட எழுத்துலதான் தெரியும். நான் எழுதுன பக்கம்தானே அது.”

லோர்னாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. “தெரிஞ்சும் ஏன் சொல்லல? மீனு வாங்கிட்டு வந்தீங்க. டிக்கெட்ட ரத்து பண்ணீங்க. ஃபியோனா கிட்ட அவ்ளோ பேச்சு வாங்குனீங்க.”

அவர் மீதி ரோலையும் வாயில் போட்டுக்கொண்டு, விரலைத் துண்டில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இருவது வருஷத்துல நீ ஒரு தடவ கூட இந்தத் தப்பு பண்ணதில்ல. நான் நூறு தடவ பண்ணியிருக்கேன், அப்பல்லாம் நீ என்னய மனுஷனாவே மதிச்சதில்ல. அப்பேர்ப்பட்ட பொம்பள, சரியா இந்த டெஸ்டுல போயி ஜூன வெச்சிருக்கா. அதப் பாத்தா என்ன நெனைக்கறது?” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ வேணும்னே ஜூன வெச்சதா நெனச்சேன். கெழவன் போகாம இருக்கட்டும்னு.”

கணப்பில் ஒரு கட்டை சரிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“வாயத் தொறந்து சொல்ல மாட்டா, இப்பிடி ஏதாவது திருட்டுத்தனம் பண்ணுவான்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டேன். அதுக்குத்தான் டிக்கெட்ட ரத்து பண்ணேன். டெஸ்டுக்கா பண்ணேன்? டெஸ்டாவது மண்ணாவது.” அவர் திரும்பி அவளை நேராகப் பார்த்தார். மங்கிய கண்ணால் முகத்தைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. “அப்போ, வேணும்னு பண்ணல நீ?”

“இல்ல” என்றாள் லோர்னா.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னாள். சொல் வெளியே போன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று பார்த்தாள். அவர் முகம் மாறவில்லை. வரவேற்பறையில் விருந்தாளியிடம் காட்டுகிற முகமாக அது ஆகிவிட்டது, அவ்வளவுதான். இருபது வருடத்தில் அந்த முகத்தை அவர் அவளிடம் காட்டியதே இல்லை. ‘இல்லை, ஆனால்’ என்று ஆரம்பிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த ‘ஆனால்’ என்பதற்குப் பிறகு சொல்ல வேண்டியதும் இப்போது தெரியும். அவள் துண்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். தப்பை ஒப்புக்கொள்ள வந்தவள் வேறு எதையோ கையில் எடுத்து உடைத்துவிட்டாள்.

“சரி சரி. சொன்னியே, அது போதும்” என்றார் நோயல் கனிவாக. அந்தக் கனிவு அவளை அறைந்தது. “கீழ் எல்லையத் தொடற வரைக்கும் ஓட விடு. பாதியில நிறுத்திடாத, அது முறையில்ல. ஃபியோனாவுக்குப் போன் பண்ணிடறேன். டிக்கெட்டு எப்பவும் கெடைக்கும்.”

“இப்பவேவா?”

“பின்ன எப்போ? நாளைக்கா?” அவர் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கியதை நீளவாக்கில் மடித்துக் கணப்பருகே விறகுக் கூடையில் போட்டார். பிறகு கணப்பின் பக்கத்திலிருந்த சாம்பல் வாளியைத் தூக்கப் போனார். இடது கையால் தூக்கினார், வாளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவர் முழங்காலும் கூடவே சாய்ந்தது. லோர்னா பாய்ந்து பிடித்தாள்.

“குடுங்க. போறப்போ கீழ கொட்டிட்டுப் போறேன்.”

“நேத்து எடுத்தது, ஆறிப்போச்சு. கீழ தொட்டியில போடு. படியில சிந்திடாத, வீடெல்லாம் கால்தடமாயிடும்.” பெரில் காலத்திலிருந்து அவர் சொல்வது அது. படியில் சாம்பல் போட்டால் வழுக்காது என்று ஊரே போடும். நோயல் மட்டும் போடவிட மாட்டார்.

லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று ஏதாவது சொல்லலாம் என்று திரும்பினாள். அவர் ஏற்கனவே போனைத் தேடிச் சமையலறைக்குள் போயிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். மணி மூன்றுகூட இருக்காது, அதற்குள் பள்ளத்தாக்கு நீலமாக இருட்ட ஆரம்பித்திருந்தது. எதிர்ப்பக்கம் மலையில் மட்டும் வெயில் இருந்தது.

முதல் படியில் நின்றாள். கையை வாளிக்குள் விட்டு ஒரு பிடி சாம்பலை அள்ளி, அந்தப் படியின் மேல் ஓரம் முதல் ஓரம் வரை தூவினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி அடுத்த படிக்கும் தூவினாள். காற்றில் கொஞ்சம் அவள் கோட்டிலேயே வந்து ஒட்டியது. பாசி பெயர்ந்திருந்த படியில் இரண்டு பிடி போட்டு, பூட்ஸ் காலால் தேய்த்து அழுத்தினாள். அழுகை வந்தது, மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கையில் சுத்தமான இடம் இல்லை. படி படியாக, எதையும் தாண்டாமல், சாலை வரைக்கும் தூவிக்கொண்டே வந்தாள்.

கீழே வந்து சேர்ந்தபோது தொட்டியில் கொட்ட எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. காலி வாளி கையில் இருந்தது. அதை வெளிக்கதவருகே வைத்துவிட்டுப் போகலாம். வைத்தால், எடுக்க அவர்தான் இறங்கி வர வேண்டும். லோர்னா அண்ணாந்து பார்த்தாள். சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது, நோயல் போனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து எண்களைத் தேடிக்கொண்டிருந்தார். படிக்கட்டு முழுவதும் சாம்பல் நிறத்தில் அவர் வாசல் வரைக்கும் ஏறிப்போயிற்று. அவள் வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முதல் படியில் காலை வைத்தாள். காலடியில் சாம்பல் நறநறத்தது, வழுக்கவில்லை.